வேலையே வாட்டும்போது: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் ஒரே பொருளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள், தொழில் வேறுபட்டாலும், ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன: நாள்பட்ட வேலை நெருக்கடியால் வரும் சோர்வை எப்படி அடையாளம் காண்பது, அது எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பதை எப்படி மதிப்பிடுவது? 'பர்ன்அவுட்' என்று பலரும் குறிப்பிட்டிருக்கும் இந்த நிலையைப் பதில்களில் பணிச்சோர்வு என்று அழைக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களும் பணியிடங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். முன்பெல்லாம் டியூட்டி முடிந்த பிறகும் சந்தேகமான ஒரு மருந்துச் சீட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். இப்போது நோயாளிகளின் பெயர்கூட மனத்தில் நிற்பதில்லை. 'பதினாலாம் பெட்டு' என்றுதான் வாயில் வருகிறது. உடனிருப்பவர்கள், "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று இரண்டாம் முறை கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன். நைட் டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. வீட்டிலோ, "உனக்குத் திமிர் ஏறிவிட்டது" என்கிறார்கள். எனக்கு வந்திருப்பது சோம்பேறித்தனமா, மனநோயா?
வாசகி, வேலூர்

பதில்: ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பணிச்சோர்வாகத்தான் இருக்கும். சோம்பேறிக்கு வேலைக்குப் போகுமுன் வயிறு பிசையாது. அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். 1974இல் இந்த நிலையைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களைப் பார்த்துத்தான் எழுதினார். வேலையில் ஈடுபாடு மிகுந்தவர்களே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள் என்பது அவருடைய கவனிப்பு. மருந்துச் சீட்டைச் சரிபார்க்காமல் வீட்டுக்குப் போகாதவராக இருந்த உங்களுக்கு இது வந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலமாக நிலவி, சரிவரக் கையாளப்படாத மன நெருக்கடியால் உண்டாகும் நிலை என்று வரையறுத்து, உடல்நலத்தைப் பாதிக்கும் காரணிகளின் பகுதியில் அதை வைத்திருக்கிறது. அந்த வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன: ஆற்றல் வற்றிப்போனது போன்ற களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது வேலையின்மீது கசப்பு ஏறுவது, செய்யும் வேலையில் திறனோ பயனோ இல்லை என்ற எண்ணம். இந்த மூன்றையும் உங்கள் கடிதத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

களைப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எனவே நான் கேட்க வேண்டியிருக்கிறது. வார ஓய்வு முடிந்து டியூட்டிக்குத் திரும்பும் முதல் காலையில் உடம்பில் தெம்பு இருக்கிறதா, அல்லது ஓய்வே எடுக்காதவர் போல எழுந்திருக்கிறீர்களா? சாதாரண அலுப்பு ஓய்வில் தீரும். பணிச்சோர்வில் இரண்டு நாள் விடுப்பு இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

மனவிலகலைப் பொறுத்தவரை, படுக்கை எண்ணைச் சொல்வதே ஒரு குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் நர்ஸ்கள் எண்ணைத்தான் சொல்வார்கள். அது வேலையின் மொழி. நான் கவனிப்பது வேறு. படுக்கையருகில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூடப் பெயர் வரவில்லையா, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே எழவில்லையா? எழவில்லை என்றால், தாங்க முடியாத அளவு துன்பத்தைத் தினமும் பார்க்கும் மனம், தன்னைக் காத்துக்கொள்ள நடுவில் ஒரு திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டாம் அழைப்புக்கு எரிந்து விழுவது அந்தத் திரையை யாரோ இழுக்கும்போதுதான். வீட்டார் இதைத் திமிர் என்று வாசித்திருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூன்றாவது கூறுக்கு ஒரு கேள்வி போதும். குழந்தையின் கையில் நரம்பு அகப்படாமல் மற்றவர்கள் தவிக்கும்போது நீங்கள் போய் ஒரே முறையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டுவிட்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும்போது, சிறிதளவாவது, 'நன்றாகச் செய்தோம்' என்று தோன்றுகிறதா? தோன்றினால் நிலைமை இன்னும் முழுமையாக முற்றவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது. காலை, மாலை, இரவு என மூன்று ஷிஃப்டும் ஒரு சுற்று வந்து முடியும்வரை, டியூட்டிக்குக் கிளம்புமுன் உடம்பும் மனமும் எப்படி இருந்தன, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸ்கள், அன்றைய மிக மோசமான நிமிடம் எது என்று மட்டும் எழுதுங்கள். நோயாளிகளின் பெயர்களை எழுத வேண்டாம். வயிற்றுப் பிசைவு ஆள் குறைந்த இரவுகளில் மட்டும் வருகிறதா, எல்லா நாளும் வருகிறதா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். நைட் டியூட்டிக்கு மட்டும் என்றால் ஷிஃப்ட் அட்டவணையைப் பற்றி மேட்ரனிடம் பேச உங்களிடம் சான்று இருக்கும். எல்லா நாளும் என்றால் அந்த நோட்டோடு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் அதற்கு வசதி உண்டு. நர்ஸ்கள் தம் ஊரிலேயே மனநல மருத்துவரிடம் போகத் தயங்குவது எனக்குத் தெரியும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் ஒப்புதலின்றி நிர்வாகத்திடம் சொல்லும் உரிமை மருத்துவருக்கு இல்லை.

கேள்வி: தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்களில் நிற்கவே முடியாத அளவுக்கு அசதி வருகிறது. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஒரு சத்து ஊசியும் போட்டால் தெளிவாகிறது. மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், வாணியம்பாடி

பதில்: வேண்டாம். வழக்கமாக ஏற்றப்படும் ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். உங்களுக்குத் தெளிவைத் தந்தது பாட்டில் ஏறி முடியும்வரை யாரும் கூப்பிடாமல் ஃபேனுக்கடியில் படுத்திருந்த அந்த நேரம் என்றே நினைக்கிறேன். அந்தப் பணத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் (ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை), தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், பி12 ஆகியவை பார்க்கப்பட வேண்டும். இவற்றில் எதில் கோளாறு இருந்தாலும், பணிச்சோர்வு போலவே காலையில் எழ முடியாத அசதியும் எரிச்சலும் வரும். இந்தப் பரிசோதனைகளைப் பார்க்காமல் எவருக்கும் பணிச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலே எழுதியிருக்கும் வேலூர் சகோதரிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைக்கும் பிரிவில் லைன் சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில், இரவு வீட்டுக்கு வந்து, செல்போனில் கிடைத்த ஒரு பர்ன்அவுட் தேர்வை எழுதினேன். 78 சதவீதம், 'கடுமையான நிலை' என்று சிவப்பில் வந்தது. அன்றிலிருந்து தூக்கம் இன்னும் கெட்டுவிட்டது. இந்த மதிப்பெண்ணை நம்பலாமா?
வாசகர், ஆம்பூர்

பதில்: எந்தத் தேர்வு என்பதை நீங்கள் எழுதவில்லை, அதுவே முதல் சிக்கல். யார் தயாரித்தது, எந்தத் தொழிலாளர்களிடம் சோதித்துப் பார்த்தது என்று தெரியாத ஒரு வினாப்பட்டியல், சிவப்பு நிறத்தில் எண்ணைக் காட்டினாலும் பச்சை நிறத்தில் காட்டினாலும், பொழுதுபோக்குக்கு மேல் மதிப்புப் பெறாது. ஆனால் முறையான வினாப்பட்டியல்கள் இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் உங்கள் 78ஐப் பற்றிய பயம் குறையும்.

ஆராய்ச்சியில் மிக அதிகம் பயன்படுவது, கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட பட்டியல். மக்களோடு பழகும் தொழில்களுக்கான அதன் மூலப் பதிப்பில் 22 வாசகங்கள் உள்ளன: களைப்புக்கு 9, பிறரைப் பொருளாகப் பார்க்கும் மனவிலகலுக்கு 5, சாதித்த உணர்வுக்கு 8. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பதற்கு, 'ஒருபோதும் இல்லை' என்ற 0 முதல் 'தினமும்' என்ற 6 வரை எண் தர வேண்டும். இந்த மூன்று பகுதிகளின் எண்களையும் ஒன்றாகக் கூட்டவே கூடாது; மூன்றாவதில் அதிக எண் நல்லது, மற்ற இரண்டில் அதிக எண் கெட்டது. எனவே இந்தப் பட்டியலின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு சதவீதத்தைக் காட்டும் எதுவும் பிழையானது. முற்காலக் கையேடுகளில், விடையளித்தவர்களை மூன்று பங்காகப் பிரித்து மேல் பங்கை 'அதிகம்' என்று குறித்திருந்தார்கள். அப்படிப் பிரித்தால், அந்தக் கூட்டம் எவ்வளவு நலமாக இருந்தாலும் மூன்றில் ஒருவர் 'அதிகம்' பட்டியலில் வந்தே தீருவார். அந்த எல்லைக்கோடுகள் பின்னர் கைவிடப்பட்டன. நோயைக் கணிக்கும் கருவியாக இது படைக்கப்படவும் இல்லை. கட்டணம் கட்டி உரிமம் பெற்றே இதைப் பயன்படுத்த முடியும் என்பதால், இலவசமாகச் செல்போனில் வருவது பெரும்பாலும் இதன் நிழலாகத்தான் இருக்கும்.

நீங்களே செய்து பார்க்க ஏற்றது டென்மார்க்கில் உருவாகி 2005இல் வெளியான கோபன்ஹேகன் பட்டியல். அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. அதில் 19 கேள்விகள்: பொதுவான களைப்புக்கு 6, வேலை சார்ந்த களைப்புக்கு 7, நோயாளி, மாணவர், வாடிக்கையாளர் போன்றோரோடு பழகுவதால் வரும் களைப்புக்கு 6. உங்களுக்கு நடுவிலுள்ள ஏழு கேள்விகள் போதும். வேலை முடியும் நேரத்தில் துவண்டுபோகிறீர்களா, இன்னொரு நாள் வேலை என்று நினைத்தாலே காலையில் அசதி வருகிறதா, ஓய்வு நேரத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருக்கத் தெம்பு மிஞ்சுகிறதா என்ற போக்கில் அவை அமைந்திருக்கும். ஒவ்வொரு விடைக்கும் 0, 25, 50, 75, 100 என்று எண் உண்டு. கடைசியாகச் சொன்ன கேள்விக்கு மட்டும் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். தெம்பு 'எப்போதாவது' மிஞ்சுகிறது என்றால் அது 25 இல்லை, 75. உங்கள் ஏழு விடைகள் 75, 100, 75, 75, 50, 75, 75 என்று வந்தால் கூட்டுத்தொகை 525. ஏழால் வகுத்தால் 75. பல ஆய்வுகளில் 50 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று கொள்வது வழக்கம்.

இனி, நீங்கள் எழுதிய நேரத்துக்கு வருகிறேன். ஷிப்மென்ட் வாரம், இரவு, லைன் முகப்பில் தொங்கும் பலகையில் மணிக்கு மணி எழுதப்படும் ஜோடிக் கணக்கு கண்ணுக்குள்ளேயே நிற்கும் பொழுது. அப்போது யார் எழுதினாலும் எண் ஏறத்தான் செய்யும். ஷிப்மென்ட் போய்ச் சில வாரங்கள் கழித்து, ஓய்வு நாளின் மறுநாள் காலையில் அதே ஏழு கேள்விகளை மீண்டும் எழுதுங்கள். எண் கணிசமாக இறங்கினால் அது அவசர கால நெருக்கடி, உடம்பு மீண்டுவிட்டது. வேலை தளர்ந்த காலத்திலும் எண் இறங்க மறுத்தால்தான் பணிச்சோர்வு என்ற பேச்சுக்கே இடம். இரண்டு முறை அளந்தபின் வரும் 60, ஒரே இரவில் வந்த 78ஐக் காட்டிலும் எனக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: என் கணவர் மூன்று ஆண்டுகளாகக் காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிறார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்குப் படுக்கிறார். குறட்டை அதிகம். முன்பு ஞாயிறு காலையில் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் போவார். இப்போது பேட் பரணில் கிடக்கிறது. மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் பேசுவதில்லை. போன வாரம் சிரித்துக்கொண்டே, "நான் போய்விட்டால் உங்களுக்கு இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்றார். இது பர்ன்அவுட்தானா, இல்லை வேறு ஏதாவதா?
வாசகி, காட்பாடி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அந்தப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்த அன்றே, பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, "உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. கேட்கப்படுவதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆம் என்றோ, பதில் சொல்லாமல் கண் கலங்கியோ நின்றால், அவரைத் தனியே விடாதீர்கள்; வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்; அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி மையத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பணிச்சோர்வுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள எல்லை எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். ஆயினும் வழிகாட்டும் சில அடையாளங்கள் உண்டு. பணிச்சோர்வில் கசப்பு வேலையைச் சுற்றியே இருக்கும்; வேலையிலிருந்து விலகி ஒரு கல்யாண வீட்டுக்கோ சொந்த ஊர்த் திருவிழாவுக்கோ போனால் பழைய மனிதர் திரும்பி வருவார். மனச்சோர்வு நோயில் அந்தக் கசப்பு வேலையைத் தாண்டி, விளையாட்டு, சாப்பாடு, பிள்ளை, தாம்பத்தியம் என எல்லாவற்றிலும் பரவும். தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்வதும், தான் இருந்து பயனில்லை என்ற எண்ணமும் சேரும். கிரிக்கெட்டும் மகனும் சேர்ந்தே விலகிப்போயிருப்பதாலும் அந்த இன்சூரன்ஸ் பேச்சாலும், உங்கள் கணவருக்கு இரண்டாவதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். மருத்துவர்கள் இதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பது, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை. உயிரை விடும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு, மற்றவை எப்படி இருந்தாலும், ஒரு மதிப்பெண் வந்தால்கூடத் தனியாகப் பேசியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும், மனநிலைக் கோளாறு, பதற்றக் கோளாறு, நெருக்கடி சார்ந்த கோளாறு ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பிறகே பணிச்சோர்வு என்ற பெயரைப் பயன்படுத்தச் சொல்கிறது.

தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுபவருக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். வளர்ந்தவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தக் கடனை ரயில் இருக்கையில் தலைசாய்த்துத் தீர்த்துவிட முடியாது. குறட்டைக்கு நடுவே மூச்சு சில நொடிகள் நின்று, திணறி மீண்டும் தொடங்குகிறதா என்று ஓர் இரவு கவனியுங்கள். அப்படியென்றால் உறக்கத்தில் மூச்சடைப்பு இருக்கக்கூடும். அதற்கென்று பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அது மட்டுமே ஒருவரைப் பகலெல்லாம் பொம்மைபோல் உட்கார வைத்துவிடும்.

கேள்வி: பக்கவாதம் வந்த மாமியாரை மூன்று ஆண்டுகளாக நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் நீங்கள் சொல்லும் எல்லாம் இருக்கிறது. இதைப் பணிச்சோர்வு என்று சொல்லலாமா?
வாசகி, குடியாத்தம்

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை தொழில் சார்ந்த சூழலுக்கு மட்டும் உரியது; வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு அந்தப் பெயரை நீட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சம்பளமும் ஞாயிற்றுக்கிழமையும் இல்லாத வேலை உங்களுடையது. கோபன்ஹேகன் பட்டியலின் முதல் ஆறு கேள்விகள் வேலையைக் குறிப்பிடாதவை, யாருக்கும் பொருந்துபவை; அவற்றை எழுதிப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும், உங்கள் நாத்தனாரோ கணவரோ வாரத்தில் ஒரு முழு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்வது என்று இந்த மாதமே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று நீங்கள் தயங்குவீர்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர் எண்ணோடு ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, மதிப்பெண் அதிகம் உள்ளவர்களைக் கண்டறிந்து அவர்களுக்கு யோகாவும் ஆலோசனையும் ஏற்பாடு செய்யலாம் என்பது நிர்வாகத்தின் திட்டம். தங்கள் கருத்து என்ன?
வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஊழியர் எண்ணை எடுத்துவிடுங்கள். எண் இருக்கும்வரை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய தொழிலாளி ஒருவர்கூட உண்மையை எழுதமாட்டார். உங்களுக்குக் கிடைப்பது எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டும் ஓர் அழகான அறிக்கை. பெயரில்லாமல் வாங்கி, பிரிவு வாரியாகச் சராசரி மட்டும் பாருங்கள். ஆட்கள் மிகக் குறைவாக உள்ள பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எழுதியது என்று கையெழுத்து இல்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்தது, எதை அளப்பது என்பது. களைத்தவரை மட்டும் அளந்துவிட்டு, களைக்க வைப்பதை அளக்காமல் விடுவதுதான் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது. உளவியலாளர்களான மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும், ஒருவருக்கும் அவர் வேலைக்கும் இடையே பொருத்தம் கெடும் ஆறு இடங்களை 1997இல் வகுத்துத் தந்தார்கள்: வேலைப் பளு, தன் வேலையின்மீது தனக்குள்ள அதிகாரம், ஊதியமும் பாராட்டும், உடன் பணிபுரிவோருடனான உறவு, நியாயம், மனச்சாட்சிக்கும் வேலைக்கும் உள்ள இணக்கம். உங்கள் வினாப்பட்டியலின் சரிபாதி இந்த ஆறைப் பற்றி இருக்கட்டும். இவற்றில் பளுவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் கேட்ட வரையில், ஆலைத் தொழிலாளர்களை அதிகம் அரிப்பது நியாயம்தான்: ஓவர்டைம் யாருக்குக் கிடைக்கிறது, வெயில் கொளுத்தும் சித்திரையில் பாய்லர் பக்கம் யாரை நிறுத்துகிறார்கள், லீவு கேட்டால் யாருக்கு உடனே, யாருக்கு இழுத்தடிப்பு என்பவை. இதைச் சரிசெய்யப் பணம்கூடத் தேவையில்லை.

வினாப்பட்டியல் இல்லாமலே உங்கள் கையில் சான்றுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் கடந்த ஓராண்டில் வேலையை விட்டவர்கள், சொல்லாமல் எடுத்த விடுப்புகள், மயிரிழையில் தப்பிய விபத்துகள், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற சட்ட வரம்பைத் தாண்டிய நாட்கள் ஆகியவற்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பிரிவு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அங்குள்ள மனிதர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பலவீனமாகிவிட்டார்கள் என்று எண்ணுவதைக் காட்டிலும், அந்தப் பிரிவின் வேலை ஏற்பாட்டைப் பார்ப்பதே அறிவுடைமை. யோகாவுக்கு நான் எதிரியல்ல. ஆனால் மதிய உணவுக்கே முழு அரை மணி நேரம் கிடைக்காதவரை ஷிஃப்ட் முடிந்த பிறகு யோகாவுக்கு நிறுத்திவைத்தால், வீட்டுக்குப் போகும் பஸ்ஸையும் அவர் தவறவிடுவார்.

கேள்வி: குறுங்கடன் நிறுவனத்தில் கள அலுவலர். கிராமங்களில் பெண்கள் குழுவிடம் வாரத் தவணை வசூலிக்க வேண்டும். கணவர் இறந்த வீட்டிலும் போய் உட்காரச் சொல்கிறார்கள். இரவு எட்டு மணிக்கும் போன் செய்யச் சொல்கிறார்கள். "தம்பி, அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்" என்று என் அம்மா வயதுள்ளவர் கும்பிடும்போது, பைக்கைத் திருப்பிக்கொண்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. பத்து நாள் லீவு போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழையபடி. ராஜினாமா செய்வதுதான் வழியா?
வாசகர், போளூர்

பதில்: லீவு உதவாததில் உங்கள் குறை ஒன்றுமில்லை. விடுப்பினால் களைப்பு குறைவதும், வேலைக்குத் திரும்பிய சில வாரங்களுக்குள் அந்தப் பலன் மறைந்துவிடுவதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. உங்களுக்கு மூன்றே நாளில் மறைந்தது என்பதை ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்ளலாம்: சிக்கல் உழைப்பின் அளவில் இல்லை. பைக்கில் தினமும் நாற்பது கிலோமீட்டர் சுற்றுவதை உங்கள் வயது தாங்கும். தாங்காதது, தவறு என்று நீங்களே நினைக்கும் ஒரு காரியத்தை உங்கள் வாயாலேயே செய்ய வேண்டியிருப்பது. மேலே சொன்ன ஆறில் கடைசியாக வரும் மனச்சாட்சிப் பொருத்தம் உடைந்துபோயிருக்கிறது. அங்கே ஓய்வோ, மாத்திரையோ, மூச்சுப் பயிற்சியோ பெரிதாக எட்டாது.

எனவே மதிப்பீட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, இந்த நிர்ப்பந்தம் நிறுவனத்தின் கொள்கையா, உங்கள் கிளை மேலாளரின் தனிப்பட்ட வழக்கமா? குறுங்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைப்பதை ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை. இதை உங்கள் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வேறு கிளைகளில் இருக்கும் நண்பர்களிடமும் விசாரியுங்கள். கிளையின் வழக்கம் மட்டும்தான் என்றால் இடமாற்றமே உங்களைக் காப்பாற்றிவிடக்கூடும். எங்கும் இப்படித்தான் என்றால், விலகுவதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது, உங்கள் உடல்நிலையும் மனநிலையும். 'எங்காவது போய்விடலாம்' என்பது வேறு ஊருக்குப் போவதை மட்டும்தான் குறிக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் ஏதேனும் இருந்தால், காட்பாடி சகோதரிக்குச் சொன்ன 14416ஐ நீங்களும் இன்றே அழையுங்கள். அப்படி இல்லையென்றால், தூக்கம், பசி, வேலையில்லாத நேரத்தில் வரும் மகிழ்ச்சி ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துவைத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை வசூல் குறைந்து திட்டு வாங்கிய இரவில் எழுதாதீர்கள். கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, உங்கள் பொறுப்பிலுள்ள தவணை ரசீதுகளையெல்லாம் கிளையில் ஒப்படைத்து எழுத்தில் பெற்றுக்கொண்டு, பி.எஃப். கணக்கு விவரமும் அனுபவச் சான்றிதழும் எப்போது கிடைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதுங்கள்.